பவர், அதாரிட்டி, கண்ட்ரோல்: எல்லாவற்றுக்கும் ‘அதிகாரம்’ போதுமா?

மயூர்விகார்_மொழி:

டெல்லி துவாரகாவில் உள்ள ஃபிளாட் ஒன்றுக்கான ஜெனரல் பவர் ஆஃப் அட்டர்னி (தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) தமிழாக்கத்துக்கு வந்திருக்கிறது. எழுதிக் கொடுப்பவர் கும்பகோணத்தில் இருக்கும் 78 வயதுப் பெரியவர். ஆங்கிலம் படிக்க வராது. பவர் ஏஜெண்டாக வருபவர் டெல்லியில் இருக்கும் அவருடைய தம்பி மகன். பெரியவர் தமிழில் வாசித்து, புரிந்த பிறகுதான் கையெழுத்து என்று குடும்பத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். அதனால் ஒப்புக்கு ஒரு மொழிபெயர்ப்பு போதாது.

மூலத்தில் பன்னிரண்டு வரிக்குள் பவர், அதாரிட்டி, ஆதரைஸ், எம்பவர், கண்ட்ரோல், சூப்பர்வைஸ், டெலிகேட் எல்லாம் வருகின்றன. முதல் வரைவில் ‘அதிகாரம்’ ஒன்பது முறை விழுந்துவிட்டது. நெருடும் இடங்கள் மூன்று:

‘ஐ டூ ஹியர்பை ஆதரைஸ் அண்ட் எம்பவர் மை அட்டர்னி’

‘டு மேனேஜ், கண்ட்ரோல், சூப்பர்வைஸ் அண்ட் லுக் ஆஃப்டர் த செட் ப்ராப்பர்ட்டி’

‘வித் ஃபுல் பவர் அண்ட் அப்சொல்யூட் அதாரிட்டி’

கண்ட்ரோலுக்கு ‘கட்டுப்படுத்தவும்’ என்று போட்டால், ஃபிளாட்டை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று பெரியவர் கேட்பார். கேட்பதும் நியாயம். என்ன செய்யலாம்?

---

சொல்தேடி:

மூன்று சொல்லையும் பிரிக்க, ஹவுசிங் சொசைட்டியின் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே 5 குதிரைத்திறன் மோட்டார். தண்ணீரை மேலே தள்ளும் வலு அதனிடம் இருக்கிறது, அது பவர். எந்த பிளாக்குக்கு எத்தனை மணிக்கு விட வேண்டும் என்று தீர்மானம் போடுவது நிர்வாகக் குழு. விதிப்படி அவர்களுக்கு வந்த தகுதி அது, அதாரிட்டி. வால்வைத் திறந்து மூடும் ஆள் கையில்தான் தண்ணீர் வருவதும் வராததும் இருக்கிறது, கண்ட்ரோல் அவனிடம். குழு என்ன தீர்மானம் போட்டாலும் அவன் வால்வைத் திருகவில்லை என்றால் சொட்டு வராது. அவன் இஷ்டத்துக்குத் திருகினால் தண்ணீர் வரும், ஆனால் முறையில்லாமல் வரும்.

ஆகவே ஒவ்வொரு இடத்திலும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இதை யார் கொடுத்தார்கள்? கொடுத்தவர் திரும்பப் பிடுங்க முடியுமா? கொடுத்ததாகச் சொல்லும் காகிதத்தைக் கிழித்தாலும் அந்த ஆளால் காரியம் செய்ய முடியுமா? முதல் இரண்டுக்கும் தெளிவான பதில் இருந்தால் அதாரிட்டி. மூன்றாவதற்கு ‘முடியும்’ என்றால் அங்கே பேச்சு பவரைப் பற்றியோ கண்ட்ரோலைப் பற்றியோ.

தமிழில் அதாரிட்டிக்கு ‘அதிகாரம்’ சரியாகப் பொருந்தும். ஒருவர் கொடுத்து இன்னொருவர் பெறுவது என்ற பொருள் அதில் ஏற்கெனவே இருக்கிறது. பவர் என்பது வெறும் இயலுமை என்றால் ‘வலு’, ‘ஆற்றல்’, ‘வல்லமை’. கண்ட்ரோலுக்கு நம்மிடம் ஒற்றைச் சொல் கிடையாது. ‘பிடி’, ‘வசம்’, ‘கைக்குள்’, ‘கட்டுக்குள்’ என்று இடத்துக்கு இடம் மாறும். தீ கட்டுக்குள் வந்தது. கட்சி அவர் பிடியில் இருக்கிறது. சாவி அவன் வசம். மூன்றும் ஆங்கிலத்தில் கண்ட்ரோல்தான்.

---

பதிவகம்_வாசல்:

சொல்தேடி ஐயா சொன்னது பொதுவாகச் சரி. ஆனால் பத்திரத்தில் நிலைமை வேறு. பவர் ஆஃப் அட்டர்னியில் வரும் ‘பவர்’ வலு கிடையாது. சட்டம் ஒப்புக்கொள்ளும் அதிகாரம் மட்டுமே. ஆகவே இந்த ஆவணத்தில் பவரும் அதாரிட்டியும் ஒன்றுதான். ‘ஆதரைஸ் அண்ட் எம்பவர்’, ‘பவர் அண்ட் அதாரிட்டி’ எல்லாம் ஆங்கிலப் பத்திர எழுத்தின் இரட்டைச் சொல் பழக்கம். ‘அதிகாரம் அளிக்கிறேன்’ என்று ஒரே முறை எழுதினால் போதும்.

இரட்டைச் சொல்லை நிரப்ப வேண்டுமே என்று சிலர் ‘அதிகாரமும் உரிமையும் அளிக்கிறேன்’ என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உரிமை என்றால் ரைட். ஏஜெண்டுக்கு சொத்தில் உரிமை எதுவும் போகவில்லை. எழுதிக் கொடுத்தவருக்காகச் செய்யும் அதிகாரம் மட்டும்தான் போகிறது. இன்னும் மோசம், நம் ஊர்க் கிரயப் பத்திர வாய்பாட்டைப் பழக்கதோஷத்தில் இழுத்து வருவது. ‘சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ளவும்’ என்பது விற்பனையின் மொழி. அதைப் பவர் பத்திரத்தில் வைத்தால், பெரியவர் சொத்தையே கொடுத்துவிட்டதாகப் படிக்கும்.

டெல்லியில் இது ஏட்டுச் சந்தேகம் இல்லை. ஃப்ரீஹோல்டு (முழுச் சொந்தம்) ஆகாத டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணைய) ஃபிளாட்டுகளும் அங்கீகாரமில்லாத காலனி மனைகளும் பல பத்தாண்டுகளாகப் பவர், விற்பனை ஒப்பந்தம், உயில் மூன்றையும் சேர்த்துக் கைமாறி வந்தன. அப்படிப்பட்ட கைமாற்றம் உடைமையை மாற்றாது என்று 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே பவர் என்பது பவர் மட்டுமே என்று மொழிபெயர்ப்பும் காட்ட வேண்டும்.

கண்ட்ரோலுக்கு வருகிறேன். ‘தம் வசம் வைத்திருக்கவும்’ என்பது சரி. ஆனால் ‘சுவாதீனத்தில் வைத்திருக்கவும்’ என்று எழுதக் கூடாது. சுவாதீனம் என்றால் பத்திர மொழியில் பொசெஷன், சொத்து ஒருவரின் அனுபவத்தில் இருப்பது. மூலத்தில் அந்தச் சொல் இல்லாதபோது தமிழில் அது முளைத்தால், நாளைக்கு வழக்கில் ‘சுவாதீனம் ஒப்படைக்கப்பட்டது’ என்று வாதாட ஒரு கைப்பிடி கொடுத்த மாதிரி.

---

முனிர்கா_தமிழாசிரியர்:

இரட்டைச் சொல்லை ஒன்றாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை, பதிவகம் சார். மூலத்தில் இரண்டு சொல் இருந்து தமிழில் ஒன்று இருந்தால், ‘ஒரு சொல்லை விட்டுவிட்டீர்கள்’ என்று எதிர்த்தரப்பு ஒப்பிட்டுக் காட்டும். ‘அதிகாரமளித்து நியமிக்கிறேன்’ என்று இரண்டு வினையாக வைக்கலாமே?

---

பதிவகம்_வாசல்:

நியமிப்பது என்றால் அப்பாயிண்ட். அது முந்தைய வரியில் தனியாக வந்திருக்கும்: ‘அப்பாயிண்ட், நாமினேட் அண்ட் கான்ஸ்டிட்யூட்’. திரும்ப வந்தால் இரண்டாவது நியமனமோ என்று தோன்றும். எண்ணிக்கை பொருந்த வேண்டும் என்பது முக்கியமானால் ‘அதிகாரமும் தகுதியும் அளிக்கிறேன்’ என்று வையுங்கள். எம்பவர் என்பதன் சட்டப் பொருள் அதுதான்: அதுவரை செய்ய முடியாத ஒன்றைச் செய்யத் தக்கவராக்குவது. ‘வலுவூட்டுகிறேன்’ மட்டும் வேண்டாம். அது மகளிர் மேம்பாட்டுத் திட்டத்து எம்பவர்.

---

திலக்மார்க்_பென்ச்:

உரிமை வேறு, அதிகாரம் வேறு என்பதை 1913-இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் ஹோஃபெல்ட் பிரித்துக் காட்டினார். உரிமைக்கு எதிரே இன்னொருவரின் கடமை நிற்கும். பவருக்கு எதிரே நிற்பது, தன் சட்ட நிலை அந்தப் பவரால் மாற்றப்படக் கூடும் என்ற மற்றவரின் நிலை. ஏஜெண்ட் ஒரு கையெழுத்துப் போட்டால் பெரியவர் ஒரு வாடகை ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவராகி விடுகிறார். ‘அவர் போடும் கையெழுத்து உங்கள் கையெழுத்து’ என்று பெரியவரிடம் சொன்னால் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

‘கட்டுப்பாடு’ என்ற சொல்லைப் பற்றி. தமிழில் அது முதலில் தடையைத்தான் குறிக்கும். ஊர்க்கட்டுப்பாடு, உணவுக் கட்டுப்பாடு, ஊரடங்குக் கட்டுப்பாடுகள். கண்ட்ரோலின் தடுக்கும் முகத்தை அது பிடிக்கிறது, நடத்திச் செல்லும் முகத்தைப் பிடிப்பதில்லை. அரசமைப்புச் சட்டத்தில் இது உதைக்கும். 227-ஆம் உறுப்பு உயர் நீதிமன்றத்துக்குத் தருவது சூப்பரின்டெண்டன்ஸ். 235-ஆம் உறுப்பு கீழமை நீதிமன்றங்கள் மேல் தருவது கண்ட்ரோல். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, கீழே இருக்கும் நீதிமன்றமும் தீர்ப்பாயமும் தத்தம் எல்லைக்குள் நிற்கின்றனவா என்று பார்ப்பது; ‘மேற்பார்வை’ பொருந்தும். 235-இன் கண்ட்ரோலுக்குள் மாவட்ட நீதிபதி மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதும் அடங்கும் என்று 1965-இல் மேற்கு வங்கம் எதிர் நிருபேந்திர நாத் பாக்சி வழக்கில் தீர்ப்பு வந்தது. அங்கே ‘மேற்பார்வை’ என்று எழுதினால் தீர்ப்பின் முதுகெலும்பே போய்விடும். 324-ஆம் உறுப்பில் தேர்தல் ஆணையத்துக்கு சூப்பரின்டெண்டன்ஸ், டைரக்‌ஷன், கண்ட்ரோல் மூன்றும் வரிசையாக வருகின்றன. மேற்பார்த்தல், பணித்தல், தன் ஆளுகையில் வைத்திருத்தல் என்று மூன்றுக்கும் மூன்று தேவை.

53-ஆம் உறுப்பின் இரண்டாம் கூறு நல்ல பயிற்சி. முப்படைகளின் சுப்ரீம் கமாண்ட் குடியரசுத் தலைவரிடம். அதைப் பயன்படுத்துவது சட்டத்தால் ரெகுலேட் செய்யப்படும். கமாண்ட் என்றால் உத்தரவிட்டு நடத்தும் தலைமை. ரெகுலேட் என்றால் அந்தத் தலைமை எந்த முறையில் நடக்க வேண்டும் என்று வகுப்பது. ‘சட்டத்தால் கட்டுப்படுத்தப்படும்’ என்று எழுதினால் தலைமையைக் குறுக்குவது போல ஆகிவிடும். ‘சட்டத்தால் முறைப்படுத்தப்படும்’ என்பதே சரி.

நம் ஊர் வழக்கையே பாருங்கள். டெல்லி அரசுக்கும் துணைநிலை ஆளுநருக்கும் இடையே நடந்தது பெரும்பாலும் இந்தச் சொற்களின் வழக்குதான். காவல், பொது ஒழுங்கு, நிலம் மூன்றும் 239ஏஏ உறுப்பின்படி டெல்லி சட்டமன்றத்துக்கு வெளியே. அதிகாரிகளின் பணியமர்த்தம் யார் கையில் என்ற கேள்விக்கு 2023 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லி அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. மே 19 அன்று வந்த அவசரச் சட்டம் ஒரு ‘அதாரிட்டி’யை ஏற்படுத்தியது. முதலமைச்சர் தலைவர், தலைமைச் செயலரும் உள்துறை முதன்மைச் செயலரும் உறுப்பினர்கள், பெரும்பான்மையால் முடிவு. இடமாற்றம் பற்றி அது பரிந்துரைக்கும்; கருத்து வேறுபாடு வந்தால் துணைநிலை ஆளுநர் முடிவே இறுதி. அந்த ஆகஸ்டிலேயே அது சட்டமும் ஆயிற்று. இதைத் தமிழாக்கும்போது அமைப்பின் பெயரில் வரும் அதாரிட்டி ‘ஆணையம்’. அதனிடம் இருப்பது பரிந்துரைக்கும் அதிகாரம். கண்ட்ரோல் யாரிடம் என்பது மூன்றாவது கேள்வி. மூன்றுக்கும் ‘அதிகாரம்’ போட்ட செய்திகளைப் படித்தவர்களுக்கு எதுவும் புரிந்திருக்காது.

---

நேருபிளேஸ்_பொறி:

பொறியியல் பக்கம் சுருக்கமாக. தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கில் பவர் திறன், எனர்ஜி ஆற்றல், ஃபோர்ஸ் விசை. இலங்கையில் பவர் வலு, எனர்ஜி சக்தி. ஒரே கையேட்டில் இரண்டு வழக்கையும் கலந்தால் வாட்டும் ஜூலும் குழம்பிவிடும். சொல்தேடி சொன்ன 5 குதிரைத்திறன் மோட்டார் 5 × 746 = 3,730 வாட். அது திறன். ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் 3.73 யூனிட் ஆற்றல். மோட்டாருக்குள் வீணாவதைச் சேர்த்தால் மீட்டரில் இன்னும் கூடும்.

கண்ட்ரோலுக்கும் ரெகுலேட்டுக்கும் உள்ள வித்தியாசம் மின்விசிறியிலேயே இருக்கிறது. ஸ்விட்ச் ஓடுவதையும் நிற்பதையும் முடிவு செய்கிறது. ரெகுலேட்டர் ஓட்டத்தை ஓர் அளவில் வைக்கிறது. அதனால்தான் டெல்லியில் மின்கட்டணம் வகுக்கும் அமைப்பு ‘ஒழுங்குமுறை ஆணையம்’. ‘கட்டுப்பாட்டு ஆணையம்’ என்று எழுதுவது தவறு. மின்நிறுவனங்களை அது நடத்துவதில்லை, அவை நடக்கும் வரம்பை வகுக்கிறது. நீராவி எந்திரத்தில் வேகம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் சுழல் உறுப்புக்கும் கவர்னர் என்றுதான் பெயர். 1788-இல் ஜேம்ஸ் வாட் பொருத்தியது. கவர்ன் என்ற சொல்லின் கிரேக்க வேர் படகின் சுக்கான் பிடிப்பதைக் குறிக்கும். வேகம் கூடினால் குறைக்கும், குறைந்தால் கூட்டும். ரூல் என்பதில் இந்தத் திருப்பித் திருத்தும் பொருள் கிடையாது. ‘ஆளுதல்’ இரண்டையும் விழுங்கிவிடுகிறது. ஆனால் கவர்னன்ஸுக்கு இப்போது ‘ஆளுகை’ நிலைத்துவிட்டது, நல்ல சொல்.

---

சொல்தேடி:

‘மேலாண்மை’ பற்றியும் ஓர் எச்சரிக்கை. இன்றைக்கு அது மேனேஜ்மெண்ட்: பேரிடர் மேலாண்மை, நீர் மேலாண்மை. இடதுசாரி இதழ்களில் அதே சொல் ஹெஜிமனிக்கும் (ஒரு தரப்பு மற்றவர்கள் மேல் ஓங்கி நிற்பது) வந்திருக்கிறது. ‘ஒரு வர்க்கத்தின் மேலாண்மை’ என்று படிக்கும் இளைஞர் அலுவலக நிர்வாகம் என்று எடுத்துக்கொள்வார். ஹெஜிமனிக்கு ‘மேலாதிக்கம்’ என்றே வையுங்கள். அடங்கி நடப்பவரின் இசைவும் அதில் உண்டு என்பதை ஒரு வரி விளக்கமாகச் சேருங்கள். டாமினேஷனுக்கு ‘ஆதிக்கம்’. அதில் இசைவு தேவையில்லை.

---

திலக்மார்க்_பென்ச்:

ஆதிக்கம் என்றதும் போட்டிச் சட்டம் நினைவுக்கு வருகிறது. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் குற்றம் டாமினண்ட் பொசிஷன் அல்ல, அதன் அப்யூஸ். ‘ஆதிக்கம் செலுத்தியதற்காக அபராதம்’ என்று எழுதினால் சட்டமே மாறிப்போகிறது. தமிழில் ஆதிக்கம் என்றாலே கெட்ட வாடை அடிப்பதால் இந்தத் தவறு சுலபமாக நேர்கிறது. அங்கே ‘சந்தையில் மேலோங்கிய நிலை’ என்று எழுதி, குற்றத்தை ‘அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்துதல்’ என்று பிரியுங்கள்.

செல்வாக்குக்கு நேர்மாறான வாடை. செல்லும் வாக்கு, சொன்னால் நடக்கும் சொல். நல்ல பொருள்தான் முதலில் வரும். ஆனால் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவில் வரும் அண்ட்யூ இன்ஃபுளுயன்ஸ் ‘தகாத செல்வாக்கு’. ஒருவர் மற்றவரின் மனத்தை டாமினேட் செய்யும் நிலையில் இருந்து, அதைக் கொண்டு நியாயமற்ற ஆதாயம் பெறுவது. வயது, நோய், மனத்தளர்ச்சி எல்லாம் அந்தப் பிரிவில் கணக்கில் வரும். 15-ஆம் பிரிவின் கோயர்ஷன் வேறு. அது மிரட்டல், வற்புறுத்தல். செல்வாக்கில் கத்தியும் இல்லை, சத்தமும் இல்லை. ‘நீங்க கையெழுத்துப் போடுங்க பெரியப்பா, நான் பார்த்துக்கறேன்’ என்பதிலும் அது இருக்கலாம்.

இந்த இழையின் பத்திரத்துக்கு இது நேராகப் பொருந்தும். பேரம் நியாயமற்றதாகத் தெரிந்தால், செல்வாக்கைப் பயன்படுத்தவில்லை என்று காட்டும் பொறுப்பு மேல்நிலையில் இருப்பவர் தலையில் விழும். பெரியவர் புரிந்துகொண்டார் என்பதற்குத் தமிழ்ப் பாடமே சாட்சி. அதனால்தான் ஒவ்வொரு சொல்லும் முக்கியம்.

---

மயூர்விகார்_மொழி:

எல்லோருக்கும் நன்றி. திருத்திய பகுதி இது:

‘மேற்படி ஃபிளாட்டை என் சார்பில் நிர்வகிக்கவும், அதன் சாவியையும் அன்றாடப் பொறுப்பையும் தம் வசம் வைத்திருக்கவும், அங்கே நடக்கும் வேலைகளை மேற்பார்க்கவும், ஃபிளாட்டைப் பராமரிக்கவும் என் முகவருக்கு இதன்மூலம் அதிகாரமும் தகுதியும் அளிக்கிறேன். இவற்றை அவர் வரம்பற்ற முழு அதிகாரத்துடன் செய்யலாம். இந்த அதிகாரத்தை அவர் பிறருக்கு ஒப்படைக்கலாம். அவர் சட்டப்படி செய்யும் செயல்கள் அனைத்தையும் நானே நேரில் செய்ததாக ஏற்றுக்கொள்கிறேன்.’

---

பதிவகம்_வாசல்:

நன்றாக வந்திருக்கிறது. இரண்டு இடம் மட்டும் மாற்றுங்கள்.

‘வரம்பற்ற’ கூடாது. மூலத்தில் அப்சொல்யூட் இருந்தாலும், எந்த முகவர் அதிகாரமும் வரம்பற்றதல்ல. எழுதிக் கொடுத்தவர் சொன்னபடி நடக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 211-ஆம் பிரிவும், கணக்குக் காட்ட வேண்டும் என்று 213-ஆம் பிரிவும் சொல்கின்றன. நீதிமன்றங்களும் பவர் பத்திரத்தை இறுக்கமாகவே படிக்கும். பட்டியலில் இல்லாத விற்பனையோ அடமானமோ ‘முழு அதிகாரம்’ என்ற பொதுச் சொல்லுக்குள் நுழையாது. ‘நிபந்தனையின்றி, முழு அதிகாரத்துடன்’ என்று வையுங்கள்.

அடுத்தது டெலிகேட். 190-ஆம் பிரிவின்படி, தானே செய்வதாக ஏற்ற வேலையை முகவர் பொதுவாக இன்னொருவரிடம் தள்ளிவிட முடியாது. அதனால்தான் மூலத்தில் தனியாகக் கேட்டு வாங்குகிறார்கள். அவர் பொறுப்பில், அவருக்குக் கீழே இன்னொருவர் வேலை செய்வது ஒன்று. அவருக்குப் பதிலாக இன்னொருவர் நேரடி முகவராக ஆவது வேறு, 194-ஆம் பிரிவு. ‘ஒப்படைக்கலாம்’ என்றால் இரண்டாவது போலத் தோன்றுகிறது. ‘தம் பொறுப்பில் துணை முகவரை அமர்த்தலாம்’ என்று எழுதுங்கள். பெரியவருக்கு அதுவும் சம்மதமா என்று முதலில் கேளுங்கள். சம்மதமில்லை என்றால் ஆங்கிலத்திலேயே அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்.

---

முனிர்கா_தமிழாசிரியர்:

பதிவு எங்கே நடக்க வேண்டும்? தமிழ்ப் பாடத்திலேயே கையெழுத்துப் போடலாமா?

---

பதிவகம்_வாசல்:

ஆவணங்களைப் பதிவுக்கு ஒப்படைக்கும் அதிகாரமும் இதில் இருப்பதால், பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவுப்படி பெரியவர் வசிக்கும் பகுதியின் சார்பதிவாளர் முன்னால் எழுதி உறுதி பெற வேண்டும், அதாவது கும்பகோணத்தில். நோட்டரி முத்திரையோடு டெல்லிக்கு அனுப்பினால் இங்கே திருப்பி அனுப்புவார்கள். உடம்பு முடியவில்லை என்றால் நேரில் வராமலே உறுதி பெறவும் அதே பிரிவு இடம் தருகிறது.

தமிழில் மட்டும் இருந்தால் டெல்லியில் 19-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்: அலுவலருக்குத் தெரியாத, அந்த மாவட்டத்தில் பொதுவாக வழங்காத மொழி என்றால் சரியான மொழிபெயர்ப்பும் நகலும் கேட்பார். ஆகவே ஆங்கிலம் இடது பத்தி, தமிழ் வலது பத்தி. முரண்பாடு வந்தால் எது செல்லும் என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். ‘ஆங்கிலப் பாடமே அதிகாரபூர்வமானது’ என்று எழுதினால் பெரியவர் அரசாங்கச் சங்கதி என்று நினைத்துக்கொள்வார். அத்தாரிட்டேட்டிவ் என்பதற்கு இங்கே ‘ஆங்கிலத்தில் உள்ளதே செல்லும்’ என்று நேராக எழுதுங்கள்.

இன்னொன்றும் பெரியவருக்கு வாசித்துக் காட்டுங்கள்: அவர் விரும்பும்போது இதை ரத்து செய்யலாம், ரத்துப் பத்திரம் எழுதி ஏஜெண்டுக்கும் சொசைட்டிக்கும் தெரிவித்தால் போதும். அவர் காலத்துக்குப் பின் ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி இது தானே முடிந்துவிடும். ஏஜெண்டுக்கே சொத்தில் ஒரு சொந்த நலன் இருந்தால் மட்டும் 202-ஆம் பிரிவு குறுக்கே வரும். ஆங்கிலத்தில் ‘இர்ரெவோக்கபிள்’ (ரத்து செய்ய முடியாதது) என்ற சொல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று கடைசிப் பக்கம் வரை தேடுங்கள்.

---

மயூர்விகார்_மொழி:

இருக்கிறது சார், நான்காம் பக்கம், மூன்றாவது வரி. அதை எடுக்கச் சொல்லி வக்கீலுக்கு எழுதியாயிற்று. தமிழ்ப் பத்தியை 16 புள்ளி எழுத்தில் போடுகிறேன், பெரியவர் கண்ணாடி போட்டு வாசிக்க வசதியாக.